சைலன்சரைக் கழற்றும் பிள்ளைகளும் சாவியைக் கொடுக்கும் நாமும்

அவிநாசியில் ஒரு சகோதரரின் வீட்டுக்கு நோய் விசாரிக்கப் போயிருந்தோம். அவருடைய தாயாருக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்து நான்கு நாட்கள்தான் ஆகியிருந்தன. இரவு பத்தரை மணி இருக்கும். மாத்திரையின் தயவில் அப்போதுதான் அந்த அம்மா கண்ணயர்ந்திருந்தார். தெருமுனையில் ஒரு பைக் திரும்பியது. பட்டாசுச் சரத்தைக் கொளுத்தித் தகரத்தின் மேல் போட்டது போல ஒரு சத்தம். அந்த அம்மா தூக்கிவாரிப்போட்டு விழித்தார். அசைக்க முடிந்த ஒரு கை மட்டும் கட்டில் கம்பியைத் தேடியது. சத்தம் நேராக வந்து அந்த வீட்டு வாசலிலேயே நின்றது. வந்தது அவருடைய பேரன். கையில் பாட்டிக்கு வாங்கி வந்த மருந்துப் பை.

பிள்ளை கெட்டவன் இல்லை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், வக்துக்குப் பள்ளிக்கும் வருகிறான், மருந்து தீர்ந்துவிட்டது என்றதும் அந்த நேரத்தில் ஓடிப்போய் வாங்கி வந்திருக்கிறான். பைக்கில் கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டி ஆறு மாதமாகிறதாம். "நானும் சொல்லிப் பாத்துட்டேன் ஹஜ்ரத், கேக்க மாட்டேங்குறான். நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார் தகப்பனார். விடைபெற்று வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "பையன் வந்துட்டானுங்களா பாய்? சத்தம் கேட்டுச்சு, அதான் கேட்டனுங்க" என்று சிரித்தார். கொங்கு மண்ணின் மரியாதை அது. அவர் சொல்லாமல் விட்டது என்ன என்பது அந்தத் தகப்பனாருக்கும் புரிந்தது, நமக்கும் புரிந்தது.

பையனிடம் நாம் பேசினோம். "பவர் கூடும் ஹஜ்ரத், பிக்கப் நல்லா இருக்கும்" என்றான். சைலன்சருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டோம். தெரியவில்லை. நமக்கும் அப்போது முழுதாகத் தெரியாது. ஊர் திரும்பி, விவரம் தெரிந்த மெக்கானிக் சகோதரர்களிடம் கேட்டும் சட்டப் புத்தகத்தைப் புரட்டியும் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறோம். பிள்ளைகளைவிடப் பெற்றோர் இதைப் படிக்க வேண்டும் என்பதே நம் எண்ணம். அதற்கான காரணம் சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

குழாய்க்குள் என்ன இருக்கிறது?

எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் எரிந்து, வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் மிகுந்த வாயு வெளியே பாய்கிறது. அந்த அடிதான் சத்தமாகிறது. வாயு நேராக வெளியேறாமல், உள்ளே சிறு சிறு அறைகள், துளையிட்ட குழாய்கள், தடுப்புத் தகடுகள் வழியாகச் சுற்றி வரும்படி செய்தால் ஒலி அலைகள் சுவரில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அடக்கிக்கொள்கின்றன. சில வகைகளில் கண்ணாடி இழைப் பஞ்சு வைத்து ஒலியை உறிஞ்சவும் செய்வார்கள். 1897இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் இப்படிப்பட்ட ஒரு ஒலிதடுப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். மோட்டார் வாகனம் தெருவுக்கு வந்த தொடக்க நாட்களிலேயே, தெருவில் இருப்பவர்களின் காதைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள் என்று இதற்குப் பொருள்.

இன்றைய வண்டிகளில் அந்தப் பாதையிலேயே இன்னொரு வேலையும் நடக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்தபின் விற்கப்படும் பைக்குகளில் நச்சு வாயுவை மட்டுப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும், வெளியேறும் வாயுவில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்த்து எஞ்சினின் கணினிக்குச் சொல்லும் சென்சாரும் அந்த வழியில்தான் இருக்கின்றன. முழுக் குழாயையும் மாற்றுகிறவர்கள் இவற்றையும் சேர்த்தே கழற்றிவிடுகிறார்கள். அப்படிக் கழற்றிய வண்டி சத்தத்தோடு விஷத்தையும் கூடுதலாகக் கக்குகிறது. அது முதலில் போவது பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையை நிறுத்தி வைத்துக்கொண்டு வரும் தாயின் முகத்துக்கு.

சரி, பவர் கூடுமா? பந்தய வண்டிகளில் கூடும். அங்கே புகைக்குழாயின் நீளம், விட்டம், எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலின் அளவு எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்திக் கணக்குப் போட்டு அமைக்கிறார்கள். அதுவும் மிக வேகமாகச் சுழலும்போது கிடைக்கும் சிறு ஆதாயத்துக்காக. தெருவில் ஓடும் வண்டியில் பின்னால் இருக்கும் டப்பாவை மட்டும் மாற்றினால், பெட்ரோல் கணக்கு பழையபடி இருக்க, காற்றின் போக்கு மட்டும் மாறுகிறது. கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும். ஆக்ஸிலேட்டரை விடும்போது "பட் பட்" என்று வெடிப்பதைப் பிள்ளைகள் பெருமையாக நினைக்கிறார்கள். எரியாமல் தப்பிய பெட்ரோல் புகைக்குழாய்க்குள் வந்து எரியும் சத்தம் அது, காசு எரியும் சத்தம் என்றும் சொல்லலாம். ஊருக்குள் நாம் ஓட்டும் குறைந்த வேகத்தில் இழுவை குறைவதும் உண்டு. ஆனால் காது ஏமாற்றிவிடுகிறது. சத்தம் கூடியதும் வண்டி பறப்பதாக மனம் நம்பிக்கொள்கிறது.

புல்லட் வைத்திருப்பவர்கள் இதற்கு வேறொரு நியாயம் சொல்வார்கள். "பழைய புல்லட்டின் சத்தம் வேண்டும், அதற்குத்தான் மாற்றுகிறோம்" என்பார்கள். ராயல் என்ஃபீல்டு 1955இல் சென்னையில் வேர்விட்ட வண்டி. அதன் ஓசையை நாமும் ரசித்தவர்கள்தாம், நம் வயதுக்காரர்கள் மறுக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பழைய 350 எஞ்சினின் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் அகலமுள்ள சிலிண்டரில் 90 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் போய்வரும். கனத்த சக்கரம் உள்ளே மெதுவாகச் சுழலும். ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக எண்ணிவிடலாம் போலிருக்கும் அந்த நிதானம் அங்கிருந்து வந்தது, சைலன்சர் மாட்டியிருந்தபோதே வந்தது. இன்று "இந்தோரி", "பஞ்சாப்" என்று பெயர் சொல்லி மாட்டுகிற ஓட்டைக் குழாயிலிருந்து வருவது அதுவல்ல. அந்தக் காலத்துப் புல்லட்காரர் தெருவில் வந்தால் நாய்கூட எழுந்து நிற்காது.

கோவையில் இருப்பவர்களுக்கு ஜி.டி. நாயுடுவின் கதை தெரிந்திருக்கும். ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அதை விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்து, மறுபடியும் பூட்டி, அது எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொண்டவர் அவர். அங்கிருந்துதான் இந்தப் பகுதியின் எந்திரத் தொழில் வரலாற்றில் ஒரு பெரிய அத்தியாயம் தொடங்குகிறது. உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டி 2025 அக்டோபரில் திறந்த மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அதே சாலையில் நள்ளிரவில் உறுமிக்கொண்டு போகிற பிள்ளையிடம், கழற்றி எறிந்த பாகத்தின் வேலை என்ன என்று கேட்டால் தெரியாது என்கிறான். பிரித்துப் பார்க்கும் ஆர்வத்தை நாம் குறை சொல்லவில்லை. அது இந்த மண்ணின் குணம். பிரித்தவன் புரிந்துகொண்டானா என்பதே கேள்வி.

ரேஸ் ஆசையுள்ள பிள்ளைக்கும் கோவையில் வழியில்லாமல் இல்லை. செட்டிபாளையத்தில் 2003 முதல் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, கரிவரதன் அவர்களின் பெயரில். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். அங்கெல்லாம் தலைமுதல் கால்வரை பாதுகாப்பு உடை, எதிரே வண்டி வராத பாதை, ஓரத்தில் ஆம்புலன்ஸ். பன்னாட்டு மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஒலிமானி வைத்து வண்டிகளைச் சோதிக்கும் விதியும் உண்டு.

எழுதி வைத்திருக்கும் அளவு

நம் நாட்டில் புதிய இருசக்கர வாகனம் எழுப்பலாம் என்று விதி அனுமதிக்கும் ஒலி, 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. வண்டி வேகமெடுத்துக் கடக்கும்போது 7.5 மீட்டர் தள்ளி நின்று அளக்கும் கணக்கு இது. 80க்கும் 95க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றலாம். டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு அல்ல. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. சைலன்சர் கழற்றிய ஒரு வண்டி 95 டெசிபல் எழுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், விதிப்படி 80இல் ஓடும் பைக்குகள் முப்பது ஒரே நேரத்தில் அந்தத் தெருவில் போவதற்குச் சமம். நூறு டெசிபல் ஒலியை ஒரு நாளில் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு என்று அமெரிக்காவின் தொழில் நலவாழ்வு நிறுவனம் வரையறுத்திருக்கிறது. முதலில் கெடுவது ஓட்டுகிறவனின் காதுதான்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி நூறு மீட்டருக்கு அமைதி மண்டலம், அங்கே இன்னும் குறைவு. சாலைச் சத்தம் இரவில் சராசரியாக 45 டெசிபலைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தூக்கம் கெடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளையும் 2018இல் பரிந்துரைத்தது. எங்கோ வகுத்த அளவாக இதை ஒதுக்கிவிட முடியாது. திருப்பூர், அவிநாசிப் பக்கம் பனியன் கம்பெனியிலும் நிட்டிங் யூனிட்டிலும் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குப் பகல்தான் இரவு. காலை எட்டு மணிக்குப் படுக்கிற அந்தத் தொழிலாளிக்கு விதிப் புத்தகத்தில் தனி நேரம் எதுவும் ஒதுக்கவில்லை. பக்கத்தில் குடியிருப்பவர்களின் தயவை நம்பித்தான் அவர் தூங்குகிறார்.

ஒலி என்பது சிறு தொந்தரவு, பொறுத்துக்கொண்டால் போயிற்று என்று நினைப்பவர்கள் 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒலி மாசுத் தீர்ப்பின் பின்னணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். தில்லியில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி கொடுமைக்கு ஆளானபோது அவள் எழுப்பிய அலறல், அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கி போட்ட பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழாமல் போயிற்று. பின்னர் அந்தச் சிறுமி தீக்குளித்து இறந்தாள். அதைக் குறிப்பிட்டுத் தொடுத்த வழக்கிலிருந்து வந்ததுதான் அந்தத் தீர்ப்பு. அமைதியாக வாழ்வது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும், சத்தம் எழுப்புவதை அடிப்படை உரிமை என்று யாரும் கோர முடியாது என்றது நீதிமன்றம்.

இங்கே நம் சமுதாயத்துக்கென்று ஒரு வார்த்தை. அதே தீர்ப்பையும் அதே விதிகளையும் காட்டித்தான் நம் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளைப் பற்றி நம்மிடம் கேள்வி கேட்கிறார்கள். "டெசிபல் அளந்து பாருங்கள், விதிக்குள் வைத்திருக்கிறோம்" என்று ஜமாஅத் நிர்வாகிகள் பதில் சொல்கிறார்கள். நியாயமான பதில். அந்த ஒலிமானியை நம் வீட்டு வாசலில் நிற்கும் பைக்குக்கு நேரே பிடித்தால் என்ன காட்டும் என்று அதே நிர்வாகிகள் யோசித்ததுண்டா? ரமளானில் தராவீஹ் முடிந்து ஸஹர் வரை தெருவில் வண்டியைச் சுற்றவிடும் பிள்ளைகளை எத்தனை முஹல்லாவில் கண்டித்திருக்கிறோம்? பெருநாள் இரவில் உறுமிக்கொண்டு போகிற பத்து பேரைப் பார்க்கிற பிற சமயத்து அண்டை வீட்டார், அந்தப் பத்து பேரின் பெயரைக் குறித்துக்கொள்வதில்லை. தொப்பியைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அது சரியா என்று நாம் வாதாடலாம். நடப்பது அதுதான்.

சாவி யார் கையில்?

இப்போது சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி எல்லா மோட்டார் வாகனத்திலும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. சைலன்சரைத் தவிர்த்து வேறு வழியாகப் புகையை வெளியேற்றும் அமைப்பை வைத்து ஓட்டினால் 194-எஃப் பிரிவில் முதல்முறை ஆயிரம், மறுமுறை இரண்டாயிரம் ரூபாய் அபராதம். இது சிறியது. பெரியது 190(2). ஒலி, காற்று மாசுக்கான தரத்தை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பின், முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியும் போகும்.

இந்தப் பிரிவு யாரைக் குற்றவாளி என்கிறது என்பதை நாம் இரண்டு முறை படித்துப் பார்த்தோம். ஓட்டுகிறவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. "சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குறான்" என்று சொல்லிக்கொண்டே தினமும் காலையில் சாவியைக் கொடுக்கிற தகப்பனார் அந்த வரிக்குள் வந்துவிடுகிறார்.

அதோடு முடியவில்லை. நம் பகுதியில் கல்லூரிப் பிள்ளைகள் ஓட்டும் வண்டிகளில் பலவும் தகப்பனார் பெயரிலோ தாயார் பெயரிலோதான் பதிவாகியிருக்கின்றன. அனுமதியில்லாத மாற்றத்தை வண்டியில் செய்தால் 182-ஏ(4) பிரிவு உரிமையாளர்மீது பாய்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய், அல்லது இரண்டும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு கறாராகச் சொல்லியும்விட்டது. சைலன்சர் மாற்றுவது அடிப்படை மாற்றமா இல்லையா என்று வழக்கறிஞர்கள் வாதாட இடம் இருக்கலாம். வாதாடுவதற்கு நீதிமன்ற வாசலில் நிற்கப்போவது ஆர்.சி. புத்தகத்தில் பெயருள்ள அத்தா.

அந்த அவிநாசி வீட்டில் இன்னொரு விஷயமும் தெரியவந்தது. பெரியவனின் பைக்கை டியூஷனுக்கு எடுத்துப்போவது பதினாறு வயதுத் தம்பி. பதினெட்டு வயதுக்கு முன் கியர் வண்டிக்கு லைசென்ஸே கிடையாது. 199-ஏ பிரிவின்படி மைனர் பிள்ளை இந்தச் சட்டத்தில் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடைக்காது. எனக்குத் தெரியாமல் எடுத்துப்போனான், நான் தடுக்கத்தான் செய்தேன் என்று நிரூபித்தால் தப்பலாம். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பெற்றோருடையது. வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கிற பையனுக்கு ஓட்டுநர் உரிமம் எவ்வளவு முக்கியம் என்பதை வளைகுடாவில் இருக்கும் மாமன் மச்சான்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வளைகுடா என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அமீரகத்தில் இரைச்சலான வண்டி ஓட்டினால் 2,000 திர்ஹம் அபராதம், அதோடு 12 கரும்புள்ளி. ஊரில் தெருவை எழுப்பிக்கொண்டிருந்த அதே வாலிபர் துபாய் போனதும் பூனை மாதிரி ஓட்டுகிறார். பழக முடியாத பழக்கம் இல்லை அது.

காவல்துறை என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. செய்கிறார்கள், சீசனுக்குச் சீசன். பெங்களூரு, நாக்பூர், விசாகப்பட்டினம் போன்ற நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். வீடியோ பரபரப்பாக ஓடியது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து உயர்த்திய அபராதம் அமலில் இருக்கிறது. ஆனாலும் நம் தெருவில் சத்தம் குறைந்ததாகத் தெரியவில்லை. வாகன ஒலியின் அளவு தொழிற்சாலைச் சோதனைக்காக வகுத்தது. நெரிசலான நாற்சந்தியில் அதை அப்படியே அளக்க முடியாது. கண்ணால் பார்த்து, கம்பெனி சைலன்சர் இல்லை என்றால் பிடிப்பதுதான் நடைமுறை. ஓட்டுகிறவனைப் பிடிக்கிறார்கள், விற்ற கடை திறந்தே இருக்கிறது. "ரேஸ் டிராக் உபயோகத்துக்கு மட்டும்" என்று ஒட்டிய ஒரு ஸ்டிக்கர் கடைக்காரருக்குக் கேடயமாக இருக்கிறது. 2021 ஜூலை 20 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வில் நீதிபதி அப்துல் மொயின், யாரும் மனுப் போடாமலேயே, மாற்றிய சைலன்சர்களின் சத்தத்தைத் தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டார். பல நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும் இந்தச் சத்தம் முதியவர்களையும் நோயாளிகளையும் சிறு குழந்தைகளையும் எப்படி வதைக்கிறது என்பதைப் பதிவு செய்து, அரசுத் துறைகளிடம் விளக்கம் கேட்டார். பாரிஸில் சத்தமிடும் வண்டியை ஒலிவாங்கியாலும் கேமராவாலும் அடையாளம் காணும் கருவியை 2022 முதல் சோதித்துப் பார்க்கிறார்கள். இங்கே அதெல்லாம் வர நாளாகும். அதுவரை வீட்டுக்குள் இருக்கிற அதிகாரம்தான் வேலைசெய்யும்.

பிள்ளைகளின் நாயகர்கள் யார் என்பதையும் பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கோவையைச் சேர்ந்த யூடியூபர் டி.டி.எஃப். வாசனின் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் பாலுசெட்டி சத்திரம் அருகே நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிக் கீழே விழுந்து கை முறிந்தது. கைதானார். பத்து ஆண்டுகளுக்கு லைசென்ஸை ரத்து செய்தது போக்குவரத்துத் துறை. அவர்மீது நமக்குக் கோபம் இல்லை, பிழைத்தது இறைவன் கருணை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கருணை கிடைப்பதில்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்டால், ஃபத்வா கொடுக்கிற அளவுக்குச் சிக்கலான விஷயம் எதுவும் இல்லை. லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில் நடையில் நிதானமும் குரலில் தாழ்வும் இடம்பெற்றிருப்பதை (31:19) எல்லோரும் ஓதியிருக்கிறோம். தகப்பன் மகனுக்குச் சொன்னதாக அது வருவதைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை. பாதையில் உட்காருகிறவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் பாதையின் உரிமைகளைக் கேட்டு வாங்கினார்கள், அவற்றில் ஒன்று பிறருக்குத் தொல்லை தராதிருப்பது (புகாரீ, முஸ்லிம்). பள்ளியில் இஃதிகாஃப் இருந்தபோது தோழர்கள் உரத்த குரலில் ஓதுவது கேட்டுத் திரையை விலக்கி, ஒருவர் மற்றவருக்குத் தொந்தரவு தர வேண்டாம் என்று தடுத்தார்கள் (அபூதாவூத்). குர்ஆன் ஓதும் குரலுக்கே அந்தக் கட்டுப்பாடு.

நமக்கு மிகவும் பிடித்தது மிக்தாத் (ரலி) அறிவிக்கும் செய்தி. முஸ்லிம் நூலில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் இரவில் வீடு திரும்பும்போது ஸலாம் சொல்வார்கள். விழித்திருப்பவருக்குக் கேட்கும், தூங்குகிறவரை எழுப்பாது. ஸலாம் சொல்வது ஸுன்னத், அது ஒரு துஆ. அதையும்கூட அளந்து, தூங்குகிறவரின் தூக்கத்துக்கு இடம்விட்டுச் சொன்னார்கள். இதை அந்த அவிநாசிப் பிள்ளையிடம் சொன்னபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே பாட்டி முனகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மெக்கானிக் தொழிலில் இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உக்கடம் பக்கமும் திருப்பூரிலும் நம்மவர்கள் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். கைத்திறனால் சம்பாதிக்கும் ஹலாலான தொழில். "நான் மாட்டிக்கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் மாட்டிக்கொள்வான்" என்ற பதிலை நாமும் கேட்டிருக்கிறோம். இந்தப் பதிலை வேறு எந்தெந்த வியாபாரத்துக்கெல்லாம் சொல்லலாம் என்று யோசித்துப் பார்த்தால் அதன் ஓட்டை தெரியும். பதினாறு வயதுப் பையன் வந்து கேட்டால் "அத்தாவைக் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

பைக் வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கும் அது பொருந்தும். ஷோரூமில் பணம் கட்டுகிற அன்று பிள்ளை எதையும் ஒத்துக்கொள்வான். வண்டி என் பெயரில் இருக்கிறது, கம்பெனி கொடுத்தபடியே இருக்க வேண்டும், மாற்றினால் சாவி என்னிடம் வந்துவிடும் என்று அன்றைக்கே பேசிவிடுவது எளிது. ஆறு மாதம் கழித்து, சேர்த்த காசில் அவன் ஒரு குழாயை வாங்கி மாட்டிய பிறகு பேசுவது கஷ்டம். விபத்து நடந்து, காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து "இது கம்பெனி பொருத்தியது இல்லையே" என்று குறிப்பெழுதும்போது பேசுவதற்கு எதுவும் இருக்காது.

போன வாரம் அந்தச் சகோதரர் போனில் அழைத்திருந்தார். தாயார் இப்போது சாய்ந்து உட்காருகிறாராம், அல்ஹம்துலில்லாஹ். கழற்றிய பழைய சைலன்சரை எங்கே போட்டான் என்று விசாரித்தோம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கிடக்கிறதாம், இரண்டு போல்ட் மட்டும் புதிதாக வாங்க வேண்டும், அரை மணி நேர வேலை என்று மெக்கானிக் சொன்னாராம். "ஞாயித்துக்கெழமை மாட்டிர்றேன்னு சொல்லியிருக்கான் ஹஜ்ரத். அதுவரைக்கும் தெருமுனையிலயே ஆஃப் பண்ணிட்டுத் தள்ளிட்டு வர்றான்" என்றார்.